‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும் குடும்ப வரலாறும்: என் சரித்திரம், கோபல்ல கிராமம், சங்கதி

முன்னுரை

குடும்ப வரலாற்றைத் தொகுத்து அச்சிடும் வழக்கம் தமிழ்ச் சூழலில் இன்று பரவலாகியுள்ளது. குலதெய்வக் கோயில் குடமுழுக்கு மலர், மணிவிழா மலர், கொடிவழிப் பட்டியல், முன்னோர் படத்தொகுப்பு எனப் பல வடிவங்களில் இவை வெளிவருகின்றன. இவற்றிற்கான மூலம் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் வாய்மொழியே. அவர் ‘நம்ம பாட்டன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தாராம்’ என்று சொல்கிறார். அச்சில் அது ‘எம் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து வந்தனர்’ என்று ஆகிறது. பேச்சுவழக்கு எழுத்துவழக்காக மாறியது மட்டுமே இங்கு நிகழ்ந்த மாற்றம் எனத் தொகுப்பாளர் கருதக்கூடும். ஆனால் ‘ஆம்’ என்ற ஈற்று இடைச்சொல் உதிர்ந்ததோடு, அச்செய்தி எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற குறிப்பும் உதிர்ந்துவிட்டது.

குடும்பக் கதைகள் உண்மையா கற்பனையா என்னும் வினாவிலேயே அவை குறித்த விவாதம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவ்வினாவுக்கு முந்தைய வினா ஒன்று உண்டு. கதை யார் வழியாக, எத்தனை கைமாறி வந்தது என்பதைப் பனுவல் காட்டுகிறதா மறைக்கிறதா என்பதே அது. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, பாமாவின் ‘சங்கதி’ ஆகிய மூன்று பனுவல்களிலும் முன்னோர் கதை இடம்பெறும் பகுதிகளை இக்கட்டுரை இவ்வினாவின் வழி ஆராய்கிறது. முதலாவது தன்வரலாறு, இரண்டாவது புதினம், மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்டது. வகைமையால் வேறுபடும் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்குக் காரணம், மூன்றும் பாட்டன் பாட்டி காலத்துச் செய்திகளைப் பேரப்பிள்ளைகளிடம் சேர்க்கும் வேலையைச் செய்கின்றன என்பதே.

கேள்விச் சான்றைக் குறிக்கும் மரபு

தமிழில் ‘ஆம்’ பல பொருள்களில் வரும். உடன்பாட்டுச் சொல்லாகவும், ‘வரலாம்’ என்பது போன்ற வடிவங்களில் இசைவு, இயலுமை ஆகியவற்றின் குறியாகவும் அது நிற்கும். முற்றுவினையின் பின்னோ பெயர்ப் பயனிலையின் பின்னோ ஒட்டி வரும்போது, சொல்பவர் அச்செய்தியைத் தாம் கண்டறியவில்லை, பிறர் சொல்லக் கேட்டார் என்பதை அது உணர்த்துகிறது. தெலுங்கில் ‘அட’ என்னும் இடைச்சொல்லும் இதே பணியைச் செய்கிறது. பாட்டி கதைகள் எல்லாம் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்’ என்றே தொடங்குவது தற்செயல் அன்று. கதை தொடங்கும் முதல் தொடரிலேயே அதன் சான்றுநிலையும் அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

இவ்விடைச்சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. ‘அவரு பெரிய ஜமீன்தாராம்’ என்ற தொடரில் ஐயமும் எள்ளலும் தொனிக்க முடியும். கேட்ட செய்திக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்பதிலிருந்து, தாம் அதை நம்பவில்லை என்பது வரை இதன் பொருள் நீளும். எனவே ‘ஆம்’ வந்த இடத்திலெல்லாம் ‘கூறப்படுகிறது’ என்று எழுதிவிடுவதும் போதாது. ‘கூறப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வடிவில் சொன்னவர் மறைந்துபோகிறார். ‘ஆம்’ அவ்வாறு மறைப்பதில்லை. யார் சொன்னது என்று கேட்பவர் உடனே திருப்பிக் கேட்க முடியும், அதற்கு விடையும் கிடைக்கும்.

புலமை மரபிலும் இத்தகைய அக்கறை உண்டு. தொல்காப்பியம் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று முன்னோர்மேல் வைத்து விதி கூறுகிறது. இறையனார் களவியல் உரை இன்னும் ஒரு படி மேலே சென்று, நக்கீரர் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாக உரை கைமாறி வந்த வரிசையைப் பெயர்களோடு தருகிறது. அவ்வரிசையின் வரலாற்று நம்பகத்தன்மை தனி ஆய்வுக்குரியது. உரையின் பெறுமதி அது வந்த வழியோடு பிணைந்தது என்ற எண்ணம் அங்கே வெளிப்படையாக உள்ளது என்பதே இவ்விடத்தில் வேண்டப்படும் செய்தி.

பதிப்பாசிரியரின் குடும்பக் கதை

‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சாமிநாதையரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற அது 1950இல் நூலாயிற்று. சுவடி தேடியவரின் வாழ்க்கை என்ற அளவிலேயே அது பெரிதும் படிக்கப்பட்டுள்ளது. பிறப்புக்கு முந்தைய தலைமுறைகளைப் பேசும் தொடக்க இயல்கள் நூலுக்கான வாயிலாக மட்டுமே கருதப்பட்டு விரைவாகக் கடக்கப்படுகின்றன. குடும்ப வரலாற்று ஆய்வாளருக்கோ நூலின் மிகப் பயனுள்ள பகுதி அதுவே.

ஊர்த் தோற்றக் கதையுடன் நூல் தொடங்குகிறது. தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் ஏகாதசி நாளில் மறதியால் தாம்பூலம் தரித்துவிட்டார். அதற்குக் கழுவாயாக அக்கிரகாரம் அமைத்து அந்தணர்க்குத் தானம் அளித்தார். உத்தமமான தானம் ஆதலின் ஊர் உத்தமதானபுரம் ஆயிற்று. இக்கதையை ஐயர் கல்வெட்டாலோ செப்பேட்டாலோ நிறுவ முயலவில்லை. ஊரில் வழங்கும் கதையாக வைத்து, அடுத்துத் தம் முன்னோர், பாட்டனார், கனம் கிருஷ்ணையர், தாய்வழிப் பாட்டனார் கிருஷ்ண சாஸ்திரிகள், தந்தையார் என்று நெருங்கி வருகிறார். நெருங்கி வரவரச் செய்திகளின் தன்மை மாறுகிறது. தொலைவில் அரசரும் தானமும் மட்டுமே தெரிகின்றன. அருகில் வரும்போது கடன், பயணம், இசைப் பயிற்சி, ஒரு மனிதரின் கோபம், ஒரு வீட்டின் உணவு முறை என நுண்விவரங்கள் நிறைகின்றன. நினைவின் இயல்பான தேய்மானத்தை ஆசிரியர் சமன்செய்ய முயலாமல் அப்படியே விட்டிருப்பதால், எது இருநூறாண்டுச் செய்தி, எது தந்தையின் வாயால் கேட்டது என்பது படிப்பவருக்குத் தெளிவாகிறது.

1894இல் புறநானூற்றையும் அதற்கு முன்னும் பின்னும் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றையும் பதிப்பித்தவர், தம் முகவுரைகளில் ஏடு தந்தவர்களின் பெயர்களைக் குறித்தவர். ஓர் ஏடு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது அவருக்குப் பதிப்பு அறம் சார்ந்த செய்தி. அதே பழக்கம் குடும்பக் கதைகளைச் சொல்லும்போதும் தொடர்கிறது எனலாம். கவிராயர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதையும், கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் ஆகம விதி என்ற பெயரில் தீயில் இடப்பட்டதையும் இதே நூலில் அவர் பதிவு செய்கிறார். முன்னோர் பொருளைக் காப்பதும் முன்னோர் பொருளை அழிப்பதும் ஒரே பக்தியின் பெயரால் நடந்தன என்பதை அறிந்த ஒருவரின் குடும்ப வரலாறு இது.

இவ்வியல்களுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஊர்த் தோற்றக் கதையின் கட்டமைப்பை ஐயர் ஐயுறுவதில்லை. காலின் மெக்கன்சி தொகுத்த பாளையக்காரர் வம்சாவளிகளில் முன்னோன் ஒருவன் அரசனுக்கு அருஞ்செயல் புரிந்து நிலமும் விருதும் பெறுவது திரும்பத் திரும்ப வருகிறது. நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட தமது புதுக்கோட்டை ஆய்வில், இத்தகைய வம்சாவளிகளை உரிமையும் உறவும் எப்படிக் கற்பிக்கப்பட்டன என்பதற்கான சான்றாகப் படித்துக்காட்டினார். அரசனின் கொடை நிலவுரிமையை நியாயப்படுத்தும் என்ற அதே இலக்கணம் உத்தமதானபுரக் கதையிலும் செயல்படுகிறது. அங்கே வீரம், இங்கே கழுவாய் என்பதே வேறுபாடு. அந்நிலத்தில் அதற்கு முன் யார் உழுதனர் என்ற வினாவுக்கு இவ்வகைக் கதைகளில் இடமில்லை.

இரண்டாவது குறை இயல் தலைப்புகளிலேயே தெரிகிறது. பாட்டனார், மாமனார் முறையினர், தந்தையார் என ஆண்களின் பெயர்களால் அவை அமைகின்றன. ஆனால் கனம் கிருஷ்ணையரின் உறவும் கிருஷ்ண சாஸ்திரிகளின் உறவும் பெண்கள் வழியாகவே இக்குடும்பத்திற்கு வந்தவை. கொடிவழியை இணைத்த பெண்கள், கதையைச் சொன்னவர்களாகத் தனி இயல் பெறவில்லை.

வளைந்த மரம்

‘கோபல்ல கிராமம்’ 1976இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கு நோக்கி வந்த கம்மவார் குடும்பங்களின் கதை, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாக அதில் விரிகிறது. சென்னாதேவி என்ற பெண்ணின் அழகைக் கேள்வியுற்ற அரசனின் ஆட்களுக்கு அஞ்சி அவர்கள் ஓடுகிறார்கள். ஆறு குறுக்கிடுகிறது. கரையிலுள்ள மரம் வளைந்து பாலமாகிறது. கடந்து வந்து, காட்டை எரித்து, ஊரை உண்டாக்குகிறார்கள்.

இம்மரத்தைக் கற்பனை அழகு என்று பாராட்டுவதோ, தொன்மம் என்று ஒதுக்குவதோ எளிது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில், தொட்டியர் பற்றிய பகுதியில் இதே நிகழ்ச்சி உள்ளது. துரத்தப்பட்டு வந்த அவர்களுக்கு ஆற்றின் இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து வழிவிட்டதாகவும், அதனால் அம்மரத்தைப் போற்றுவதாகவும் அவர்கள் கூறியதை அவர் குறிக்கிறார். ஆக, மங்கத்தாயாரு அம்மாள் தம் குடும்பத்தின் தனிக்கதையாகச் சொல்வது, வடக்கிலிருந்து வந்த பல குடிகளுக்குப் பொதுவான கதை.

இங்கே குடும்ப வரலாற்று ஆய்வாளர் வழுக்கிவிழக்கூடிய இடங்கள் இரண்டு. கதை பொதுவானது என்பதால் அக்குடும்பத்திற்கு அது பொய் என்று கொள்வது ஒன்று. குடும்பம் நம்புகிறது என்பதால் ஆற்றின் பெயரையும் ஆண்டையும் தேடிப் புறப்படுவது மற்றொன்று. கதை உறுதியாகச் சான்று கூறுவது, தம்மை வந்தேறிய குடியாக அக்குடும்பம் நினைவில் வைத்திருந்தது என்பதற்கும், அந்நினைவைப் பிற குடிகளோடு பகிர்ந்துகொண்டது என்பதற்கும் மட்டுமே. சென்னாதேவியை முன்னிட்டே புலப்பெயர்வு நிகழ்ந்தது என்ற காரணமும், குலப்பெண்ணின் கற்பைக் காக்க ஊர்விட்டு ஊர் பெயர்ந்ததாகத் தமிழகத்தில் பல சாதிகள் சொல்லும் கதைகளோடு வைத்துப் பார்க்கத்தக்கது. வறட்சி, போர், படைப்பணி, கரிசல் நிலத்தின் ஈர்ப்பு ஆகிய காரணங்கள் எல்லாம் ஒரு பெண்ணின் அழகாகச் சுருங்கிவிடுகின்றன. அதே நேரத்தில், வந்து சேர்ந்த பின் காடு திருத்தியது, நிலம் பிரித்தது, கிணறு வெட்டியது போன்ற செய்திகளில் கி.ரா.வின் எழுத்து தொழில் நுட்பத்தோடு விரிகிறது. எங்கே கதை பொதுச் சொத்தாகிறது, எங்கே ஒரு குடும்பத்தின் கைப்பழக்கம் பேசுகிறது என்பதை அந்த நடைவேறுபாடே காட்டிக்கொடுக்கிறது.

புதினத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற மறுப்பு எழக்கூடும். கி.ரா. வரலாறு எழுதுவதாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொல்பவளைக் கதைக்குள் அமர்த்தியிருக்கிறார். கேட்பவர்கள் சுற்றி இருக்கிறார்கள். மலர்த் தொகுப்புகள் கைவிட்ட கதைசொல்லியைப் புதினம் விடாமல் வைத்திருக்கிறது. சான்று ஒழுங்கு என்ற ஒன்றை மட்டும் கொண்டு மதிப்பிட்டால், வரலாறு என்ற பெயரோடு வரும் பல குலவரலாற்று நூல்களைவிட இப்புதினம் நேர்மையானது.

விற்கப்பட்ட தாலி

முன்னோர் நினைவுப்பொருள் என்றதும் பெட்டகம், ஓலைச்சுவடி, நகை, பாத்திரம், படம் ஆகியனவே நினைவுக்கு வரும். அவை உள்ள குடும்பத்திற்கே வரலாறு உண்டு என்ற எண்ணமும் கூடவே வரும். ‘சங்கதி’ 1994இல் வெளிவந்தது. அதில் வரும் பாட்டி வெள்ளையம்மா பிள்ளைப்பேறு பார்ப்பவள். அவளுடைய கணவன் இலங்கைக்குப் பிழைக்கப் போனவன் திரும்பவே இல்லை. காத்திருந்து ஓய்ந்த அவள் பஞ்சக் கொடுமையில் தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள்.

இக்குடும்பத்தில் பேணத்தக்கது என்று ஒரு பொருள் இருந்தது. அது பசிக்கு விலையாயிற்று. எஞ்சியது விற்ற செய்தி மட்டும். அச்செய்தியே இங்கு நினைவுப்பொருளின் இடத்தில் அமர்கிறது. தாலி கையில் இருந்திருந்தால் அது ஒரு திருமணம் நடந்ததற்கு மட்டுமே சான்றாக இருந்திருக்கும். விற்றதாகச் சொல்லப்படும் தாலி, கடல் கடந்து போனவன் பணமும் சேதியும் அனுப்பவில்லை என்பதையும், பஞ்சத்தையும், கைம்மைச் சடங்கு ஊரால் நடத்தப்படுமுன் ஒரு பெண் தானாக எடுத்த முடிவையும் ஒருசேரச் சொல்கிறது. ஆவணமின்மை என்பது இங்கே ஆய்வுக்குத் தடையாக நிற்கும் வெற்றிடம் அன்று. அதற்குக் காரணமும் நிகழ்ந்த விதமும் உண்டு, இரண்டுமே வரலாற்றுச் செய்திகள்.

இத்தகைய செய்தி கைமாறும் முறையை இலக்கணத்தால் பின்தொடரலாம். விற்றவள் ‘வித்துட்டேன்’ என்பாள். மகள் தன் பிள்ளையிடம் ‘வித்துட்டாளாம்’ என்பாள். பேத்தி நூல் எழுதும்போது ‘விற்றார்’ என்று முடித்தால் மூன்று தலைமுறை ஒரு சொல்லில் தட்டையாகிவிடும். பாமா பேச்சுத்தமிழையே எடுத்துரைப்பு மொழியாகக் கொண்டதன் பயன் இங்கேதான் தெரிகிறது. தலித் வழக்குமொழியின் அரசியல் என்ற கோணத்தில் அவருடைய நடை விரிவாகப் பேசப்பட்டுள்ளது. அந்நடை சான்றுநிலையைக் காக்கும் கருவியாகவும் இயங்குகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. சொன்னவள், கேட்டவள், சொன்ன சூழல் மூன்றும் தொடர்களுக்குள்ளேயே இருக்கின்றன. சாமிநாதையரின் தலைப்புகளில் இடம்பெறாத பாட்டி இங்கே வரலாற்றின் முதன்மைச் சான்றாளராக இருக்கிறாள்.

பதிவேடும் ஒரு வாய்மொழியே

வெள்ளையம்மாவின் கணவனைப் பதிவேடுகளில் தேட முடியுமா என்ற வினா இயல்பாக எழும். புனைவு மாந்தரைத் தேடுவது பொருந்தாது. ஆயினும் அவனைப் போல் போனவர்களின் வழித்தோன்றல்கள் உண்மையிலேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள். அத்தேடலின் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் அமையவில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் ஆகியன கப்பற் பட்டியலில் பதிவாயின. மொரீசியசின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் குடியேறிகளின் பதிவேடுகளும் நிழற்படங்களும் காக்கப்படுகின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் தம் பாட்டனின் ஊரைப் பட்டியலிலிருந்தே கண்டறிய இயலும்.

இலங்கைக்குக் கங்காணி முறையில் சென்றோர்க்கு இவ்வாய்ப்பு மிகக் குறைவு. அவர்கள் அரசுக்கு முன் தனித்தனியே ஒப்பந்தம் செய்து கப்பலேறியவர்கள் அல்லர். கங்காணியின் கூட்டமாகப் போனார்கள், தொடக்கப் பதிற்றாண்டுகளில் மன்னார்க் கரையிலிருந்து மலைநாட்டுக்குக் காட்டுவழியே நடந்தும் போனார்கள். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில் கங்காணியும் அவன் கீழிருந்த கூட்டத்தின் கடனுமே கணக்காயின. பின்னாளில் வழங்கிய தகர வில்லையில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கும் ஆளுக்கும் எண்களும் இருந்தன. பெயருக்கு அதில் இடமில்லை. ஒரு குடும்பத்தின் கொடிவழி எவ்வளவு தொலைவு பின்செல்லும் என்பதை அக்குடும்பத்தின் அக்கறையைவிட, முன்னோன் எந்த முறையின் கீழ்க் கடல் கடந்தான் என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

வீட்டிலேயே எழுத்து இருந்தவர்களின் நிலைகூட உறுதியானது அன்று. புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவருடைய மறைவுக்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தாரிடமே இருந்து, 1846இல் கலுவா மொம்பிரேனின் கவனத்துக்கு வந்த பிறகே படியெடுக்கப்பட்டது. மூலத்தில் சில பகுதிகள் பின்னர் கிடைக்காமற்போக, படியே துணையாயிற்று. அந்நாட்குறிப்பிலும் பிள்ளை தாம் கண்டதையும், இன்னார் வந்து சொன்னதையும் வேறுபடுத்தியே எழுதிச் செல்கிறார். துபாஷி ஒருவருக்குச் செய்தி வந்த வழியே செய்தியின் விலையைத் தீர்மானித்தது போலும்.

கப்பற் பட்டியலுக்கு மீண்டும் வரவேண்டியுள்ளது. அதை ஆவணம் என்றும் பாட்டியின் சொல்லை வாய்மொழி என்றும் பிரித்து, முன்னதைக் கொண்டு பின்னதைத் திருத்துவதே வழக்கமான ஆய்வு முறை. பட்டியலில் உள்ள தந்தை பெயரும் ஊரும் சாதியும் எவ்வாறு வந்தன? எழுத்தர் கேட்டார், ஏறவிருந்தவர் சொன்னார், எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். கடன்காரனுக்கோ கணவனுக்கோ தெரியாமல் புறப்பட்டவர் உண்மைப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. சாதியை மாற்றிச் சொல்வதற்கும் ஒருவருக்குத் துறைமுகத்தைவிட நல்ல இடம் வாய்த்திராது. ‘தந்தை பெயர் முத்துசாமியாம், ஊர் செங்கல்பட்டுப் பக்கமாம்’ என்றே எழுத்தர் மனத்தில் பட்டிருக்கும். கட்டத்தில் ‘ஆம்’ எழுத இடமில்லாததால் அது ‘முத்துசாமி, செங்கல்பட்டு’ என்று நின்றது.